"ஃபார்மட் பண்ணிடலாம் சார்!"

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் கோவத்துல எழுதற பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் எட்டிப் பாத்தே ரொம்ப நாளாச்சு. ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்ததை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

பெங்களூர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அண்ணாச்சி குடும்பம் இருக்கு. கோவில்பட்டிப் பக்கம். அண்ணாச்சி பொம்மசந்திராவுல ஒரு கம்பெனியில ஷிப்டு பாக்கறார். பொண்ணு ஊர்ல ப்ளஸ் டூ படிச்சப்போ, 2013ல, கவர்மெண்டு லேப்டாப் வாங்குச்சு. ஞாபகம் இருக்கா? 2011ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச அந்த இலவச லேப்டாப். விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம்னு ரெண்டும் போட்டுக் குடுத்தாங்க. ஆன் பண்ணா கருப்புத் திரையில "எது வேணும்"னு ஒரு மெனு வரும். நம்ம ஊர்ப் பசங்க பல லட்சம் பேர் வாழ்க்கையில முதமுதலா பாத்த பூட் மெனு அதுதான்.

பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிருச்சு. குடும்பம் பெங்களூர் வந்தப்போ குக்கர், கிரைண்டரோட லேப்டாப்பும் வந்துச்சு. இப்போ பையன் கையில. பிசிஏ படிக்கறான். பாஸை எடுத்துட்டு உபுண்டு போட்டு வச்சிருந்தான், கெட்டிக்காரப் பய. போன வாரம் "இடம் பத்தலை"ன்னு விண்டோஸ் பக்கம் இருந்து ஒரு காலிப் பார்ட்டிஷனை அழிச்சிருக்கான். ரீஸ்டார்ட் பண்ணா, மெனு வரலை. கருப்புத் திரையில "நோ சச் பார்ட்டிஷன்"னு ஒரு வரி, கீழ "கிரப் ரெஸ்க்யூ"ன்னு ஒரு வரி. அவ்ளோதான். விண்டோஸும் வரலை, லினக்ஸும் வரலை.

அண்ணாச்சி லீவு போட்டுட்டு எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கார். கடைக்காரர் ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டு, "டிஸ்க் கரப்ட் சார். ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம். டேட்டா வராது. 1200 ரூபா"ன்னுட்டார். அண்ணாச்சி அங்கேருந்தே எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்லதான இருக்கீங்க. ஃபார்மட் பண்ணவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மீட்டிங்ல இருந்தேன். "பழைய லேப்டாப்தானே அண்ணாச்சி, பண்ணச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

ஆமாங்க. இந்தப் பதிவுல நான் திட்டப்போற ஆட்கள்ல முதல் ஆள் நான்தான்.

அண்ணாச்சிக்கு மனசு கேக்கலை போல. பண்ணாம திருப்பி எடுத்துட்டு வந்துட்டார். சாயங்காலம் மதினி எங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. கையில லேப்டாப்பு. "தம்பி, இதுல அத்தை பாட்டு இருக்கு. எப்படியாச்சும் எடுத்துத் தர முடியுமா?"

அத்தைன்னா அண்ணாச்சியோட அம்மா. 2017ல தவறிட்டாங்க. பேத்தி பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, ஆச்சி பாடின தாலாட்டு, நடவுப் பாட்டு எல்லாத்தையும் இந்த லேப்டாப் மைக்குல பதிவு பண்ணி வச்சிருக்கு. வேற எங்கயும் காப்பி கிடையாது.

நான் போன்ல அழிக்கச் சொன்னது அதைத்தான்.

*

சரி, அந்தப் பொட்டிக்கு என்னதான் ஆச்சு? கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் படிங்க, ஒண்ணும் பெரிய வித்தை இல்லை.

பழைய லேப்டாப் ஆன் ஆனதும் அதோட பயாஸ், டிஸ்கோட முதல் செக்டரைத்தான் படிக்கும். அது மொத்தமே 512 பைட். அதுல 64 பைட் பார்ட்டிஷன் கணக்கு, 2 பைட் முத்திரை. மீதி 446 பைட்லதான் பூட் லோடரோட முதல் துண்டு உக்காரணும். யூனிகோட் தமிழ்ல ஒரு எழுத்துக்குறிக்கு 3 பைட். அப்படிப் பாத்தா 446 பைட்ல நூத்தம்பது குறி கூட எழுத முடியாது. அவ்ளோ சின்ன இடம். அதனால அந்த முதல் துண்டுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: அடுத்த துண்டு எங்க இருக்குங்கறது. அடுத்த துண்டு, முதல் பார்ட்டிஷனுக்கு முன்னாடி இருக்கற காலி இடத்துல இருக்கும். அதுக்குத் தெரிஞ்சது கிரப்போட வீட்டு விலாசம். எந்த டிஸ்க், எத்தனாவது பார்ட்டிஷன், எந்த ஃபோல்டர். பூட்ங்கற ஃபோல்டருக்குள்ள கிரப்ங்கற ஃபோல்டர். மெனு, மத்த சாமான் எல்லாம் அங்கதான்.

நம்ம பய அழிச்சது 5-ம் நம்பர் பார்ட்டிஷன். லினக்ஸ் இருந்தது 6-ல. பழைய முறையில 5-லேருந்து ஆரம்பிக்கற பார்ட்டிஷன்களுக்கு நம்பர் வரிசையாத்தான் வரும். அஞ்சை எடுத்துட்டா ஆறு அஞ்சாயிரும். கிரப் என்ன பண்ணும் பாவம்? அதுகிட்ட இருந்த சீட்டுல 6-ம் நம்பர்னு எழுதியிருக்கு. போய்ப் பாத்தா அந்த நம்பர்லயே வீடு இல்லை. "அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை"ன்னு உண்மையைச் சொல்லிட்டு நின்னுருச்சு.

வீடு இடியலைங்க. வீட்டுல உள்ளவங்க பத்திரமா இருக்காங்க. கதவு நம்பர் மாறிப்போச்சு, அவ்ளோதான். பெங்களூர்ல வாடகை வீடு மாத்தி மாத்தி, கேஸ் புக்குல ஒரு விலாசம், ஆதார்ல ஒரு விலாசம், பேங்க்ல ஒரு விலாசம்னு அலையற நமக்கு இது புரியாதா?

என்ன பண்ணேன்? அந்த ரெஸ்க்யூ வரியிலயே எல், எஸ்னு ரெண்டெழுத்து அடிச்சேன். இருக்கற பார்ட்டிஷன் எல்லாம் வரிசையா வந்துச்சு. ஒவ்வொண்ணா "உனக்குள்ள பூட் ஃபோல்டர்ல கிரப் இருக்கா"ன்னு கேட்டேன். அஞ்சாம் நம்பர்ல இருந்துச்சு. "இனிமே இதான் ரூட், இதான் பிரிஃபிக்ஸ்"னு ரெண்டு வரி. "நார்மல் மாட்யூலை ஏத்து"ன்னு ஒரு வரி, "நார்மல்"னு இன்னொரு வரி. மெனு வந்துருச்சு! லினக்ஸ் தன்னோட பார்ட்டிஷனை நம்பரை வச்சுத் தேடாம யூயூஐடிங்கற அடையாளத்தை வச்சுத் தேடறதால, அதுக்கப்புறம் தடங்கல் இல்லாம ஏறிருச்சு. உள்ள போனதும் முதல் வேலையா பாட்டு ஃபைலை எல்லாம் பென் டிரைவ்ல எடுத்தேன். மொத்தம் 11 பாட்டு. அப்புறம்தான் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணி, புது விலாசத்தை நிரந்தரமா எழுதினேன்.

மதினி குடுத்த டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இதுக்கா 1200 ரூபா? இதுக்கா ஆச்சியோட குரல்?

*

இப்போ என் கோவத்துக்கு வர்றேன்.

ஆபீஸ்ல ஒரு சர்வர் பத்து நிமிஷம் விழுந்தா நாம என்ன ஆட்டம் ஆடறோம்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கால். பதினஞ்சு பேர் லைன்ல. லாக் எடு, எந்த ஃபைல் மாறிச்சு, யார் மாத்தினது, ஏன் மாத்தினது, ஏனுக்கு ஏன்... மூணு நாள் கழிச்சு "ரூட் காஸ்"னு பன்னெண்டு பக்கம் ரிப்போர்ட். அங்க போய் "டிஸ்க்கை அழிச்சிரலாம் சார்"னு சொல்லிப் பாருங்க. மறுநாள் ஐடி கார்டைப் பிடுங்கிருவாங்க.

அதே ஆள் வீட்டுக்கு வந்தா? தங்கச்சி லேப்டாப் ஆன் ஆகலை. "ஃபார்மட் பண்ணிடு." மாமா கம்ப்யூட்டர் தொங்குது. "ஃபார்மட் பண்ணிடுங்க மாமா." வெள்ளைக்காரன் டேட்டான்னா ரூட் காஸ், நம்ம வீட்டு டேட்டான்னா ஃபார்மட்டா? எந்த ஊர் நியாயம் இது?

உலகத்துலயே பெரிய உதாரணம் சொல்றேன். 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியோட ஒரு அப்டேட் வந்து விண்டோஸ் பொட்டிகள் வரிசையா விழுந்துச்சு. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு 85 லட்சம் பொட்டி. நம்ம ஏர்போர்ட்கள்ல கையால எழுதி போர்டிங் பாஸ் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கும். அதுக்கு என்ன வைத்தியம் சொன்னாங்க? சேஃப் மோடுல போ, இந்த ஃபோல்டருக்குள்ள இந்தப் பேர்ல ஆரம்பிக்கற ஃபைல் இருக்கும், அதை மட்டும் அழி, ரீஸ்டார்ட் பண்ணு. ஒரே ஒரு ஃபைல்! "எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணுங்க"ன்னு அன்னிக்கு அறிவிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்?

அதுக்கு அடுத்த மாசமே இன்னொண்ணு. 2024 ஆகஸ்ட்ல விண்டோஸ் அப்டேட் ஒண்ணு வந்து, லினக்ஸும் சேத்து வச்சிருந்த பல பொட்டிகள்ல லினக்ஸ் ஏறாமப் போச்சு. "ஏதோ பெரிய தப்பு நடந்திருச்சு"ங்கற மாதிரி ஒரு மிரட்டல் வரி திரையில வரும். உண்மையில டிஸ்க்குல ஒரு தூசி கூட நகரலை. பழைய பூட் லோடரை நம்பாதேன்னு பொட்டியோட செக்யூர் பூட்டுக்குப் புதுசா ஒரு கட்டளை போயிருச்சு, அவ்ளோதான். செக்யூர் பூட்டைத் தற்காலிகமா நிறுத்தி, அந்தக் கட்டளையை எடுத்து, திருப்பிப் போட்டா சரி. மைக்ரோசாஃப்டே 2025 மே மாச அப்டேட்ல சரி பண்ணிட்டாங்க. ஆனா அந்த ஒன்பது மாசத்துல எத்தனை வீட்டு லேப்டாப் எத்தனை கடையில "டிஸ்க் போச்சு"ன்னு அழிக்கப்பட்டிருக்கும்? யார் கணக்கு வச்சா?

*

கடைக்காரரை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்லை. அவர் பக்கமும் யோசிச்சேன். ஃபார்மட்னா முக்கால் மணி நேரம், கைப்பழக்கம், காசு நிச்சயம். தேடறதுன்னா ரெண்டு மணி நேரம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். அப்போ யார் காசு குடுப்பா? ஒத்துக்கறேன். ஆனா "எனக்குத் தேட நேரமில்லை"ன்னு சொல்றது வேற, "டேட்டா வராது"ன்னு சொல்றது வேற. முதல்து உண்மை. ரெண்டாவது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் ஜனங்க கையெழுத்துப் போடறாங்க.

இன்னொண்ணும் இருக்கு. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதுக்கு ஒரு டிரைவ் எழுத்து குடுத்துத் திறந்தா, "இதை ஃபார்மட் பண்ணாத்தான் உபயோகிக்க முடியும்"னு கேக்கும். கடைக்காரர் டிஸ்க்கைக் கழட்டி அவர் விண்டோஸ்ல மாட்டிப் பாத்தா அதான் தெரியும். உடனே கரப்ட்னு முடிவு. எனக்குக் கன்னடம் படிக்க வராது, பல வருஷமா இங்க இருந்தும், வெக்கமாத்தான் இருக்கு :-( அதுக்காக மெஜஸ்டிக்ல பஸ் போர்டைப் பாத்துட்டு "இதுல ஒண்ணுமே எழுதலை"ன்னு சொல்ல முடியுமா?

அடுத்து லினக்ஸ் ஆட்கள். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால உரிமையோட திட்டறேன். ஒரு மெனு ஃபைலை எத்தனை இடத்துலய்யா மாத்தி மாத்தி வைப்பீங்க? லிலோ காலத்துல இடிசி ஃபோல்டர்ல ஒரு ஃபைல். பழைய கிரப் வந்தப்போ டெபியன், உபுண்டுல மெனு டாட் எல்எஸ்டி, ரெட் ஹேட்ல கிரப் டாட் கான்ஃப். 2009ல உபுண்டு 9.10 வந்தப்போ கிரப் 2, ஃபைல் பேர் கிரப் டாட் சிஎஃப்ஜி. அதுவும் அதைக் கையால திருத்தக்கூடாதாம், இடிசியில வேற ஒரு ஃபைலைத் திருத்திட்டு ஒரு கமாண்ட் அடிக்கணுமாம். ஃபெடோராவுல அதே ஃபோல்டருக்குப் பேரு கிரப்2. யூஇஎஃப்ஐ பொட்டி வந்ததும் ஃபெடோரா மெனுவைக் கொண்டுபோய் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல வச்சாங்க. 2021ல ஃபெடோரா 34 வந்தப்போ மறுபடி பூட் ஃபோல்டருக்கே கொண்டு வந்து, பழைய இடத்துல "அங்க போய்ப் பார்"னு ஒரு துண்டுச் சீட்டை மட்டும் விட்டுட்டு வந்தாங்க. 2015ல எழுதின குறிப்பைப் பாத்து ஒருத்தன் அந்தச் சீட்டு மேலயே புது மெனுவை எழுதினான்னா முடிஞ்சது கதை.

ஒவ்வொரு மாத்தத்துக்கும் காரணம் இருக்கு, மறுக்கலை. ஆனா தொழில் தெரிஞ்சவனுக்கே கிறுகிறுக்குது. பிசிஏ படிக்கற பய என்ன பண்ணுவான்? கேட்டா "மேனுவலைப் படி"ம்பாங்க. எந்த வருஷத்து மேனுவலைங்க? திரையில "நோ சச் பார்ட்டிஷன்"னு பயமுறுத்தறதோட, "உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கலாம், எதையும் அழிச்சிடாதீங்க"ன்னு கூட ஒரு வரி போட்டிருந்தா எத்தனை குடும்பம் தப்பிச்சிருக்கும்!

*

புது லேப்டாப் வச்சிருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. யூஇஎஃப்ஐ பொட்டியில அந்த 446 பைட் சமாச்சாரம் இல்லை. ஈஎஃப்ஐங்கற சின்னப் பார்ட்டிஷன் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர், யார் பேரும் தெரியலைன்னா தேடறதுக்கு பூட்னு பொதுவா ஒரு ஃபோல்டர். யாரை முதல்ல கூப்பிடணும்ங்கற பட்டியல் மதர்போர்டு மெமரியில இருக்கும். பயாஸ் அப்டேட் பண்ணாலோ, விண்டோஸ் அப்டேட் ஆனாலோ சில சமயம் அந்தப் பட்டியல் மாறிடும். லினக்ஸ் காணாமப் போயிட்ட மாதிரி தெரியும். போகலைங்க, உள்ளதான் இருக்கு. பெரும்பாலும் பயாஸ் மெனுவுல பூட் வரிசையை மாத்தினாலே திரும்பி வந்துரும்.

உண்மையாவே டிஸ்க் சாகற கேஸும் உண்டு, அதையும் சொல்லணும். டிக் டிக்னு சத்தம் வருது, பயாஸ்லயே டிஸ்க் பேரு தெரியலைன்னா மறுபடி மறுபடி ஆன் பண்ணாதீங்க. அது விவரம் தெரிஞ்சவங்க பாக்க வேண்டிய வேலை. ஆனா அப்பவும் ஃபார்மட் மருந்து இல்லை.

வசதி உள்ளவனுக்கு லேப்டாப் போனா ஒண்ணும் இல்லை. போட்டோ கிளவுட்ல இருக்கும், பாட்டு கிளவுட்ல இருக்கும். ஊரை விட்டு வந்து ஒரே லேப்டாப்பை அக்கா, தம்பின்னு பத்து வருஷம் ஓட்டற வீட்டுக்கு அந்த டிஸ்க்தான் ஆல்பம், அதான் பீரோ. ஊர்ல அந்த வீடே இப்போ வித்தாச்சு. ஆச்சி குரல் மிச்சம் இருக்கறது அதுல மட்டும்தான். இதைக் கம்ப்யூட்டர் பிரச்சனைன்னு நினைச்சு நான் மீட்டிங்ல இருந்து ஒரு நொடியில பதில் சொன்னேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

அதனால மக்களே, குடும்பஸ்தர்களுக்கு: கடையில "ஃபார்மட்"ங்கற வார்த்தை வந்தா, "முதல்ல காப்பி எடுத்துக் குடுங்க, அப்புறம் பேசலாம்"னு சொல்லுங்க. முடியாதுன்னா பொட்டியைத் தூக்கிட்டு வந்துருங்க. அண்ணாச்சி செஞ்ச மாதிரி.

பொட்டி தட்டற என் சகாக்களுக்கு: ஒரு பென் டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு வீட்டுல வைங்க. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா ஒரு சாயங்காலம் குடுங்க. ஆபீஸ்ல கத்துக்கிட்ட ரூட் காஸை நம்ம ஆளுங்களுக்கும் கொஞ்சம் பாத்தா குறைஞ்சு போயிட மாட்டோம்.

அந்தப் பயலை உக்காரவச்சு, அழிச்ச கதையை அவன் வாயாலயே சொல்லச் சொல்லி, திருப்பி எடுக்கற வித்தையை அவன் கையாலயே ரெண்டு தடவை செய்ய வச்சேன். பாதியில "மாமா, அப்போ நான் ஆச்சி பாட்டை அழிக்கலையா?"ன்னு கேட்டான். அவனுக்கு ஒரு வாரமா சோறு இறங்கலைன்னு மதினி அப்புறம்தான் சொன்னாங்க. லேப்டாப்புக்கு அடியில இப்போ ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. தமிழ்ல, அவன் கையெழுத்துல: "லினக்ஸ் 5-ம் பார்ட்டிஷன். மெனு பூட்டுக்குள்ள கிரப்புல. ஆன் ஆகலைன்னா அழிக்காதே, தேடு."

டிஸ்கி: அண்ணாச்சி அந்தப் 11 பாட்டையும் போன்ல ஏத்திட்டார். நைட் ஷிப்டு பஸ்ல கேட்டுட்டுப் போறாராம்.